விடிய விடிய ஒரு வேஷம்

கேள்வி: மார்வெல் காமிக்ஸின் ‘சிவில் வார்’ இப்போதுதான் படித்தேன். ‘அயர்ன் மேன்’ டோனி ஸ்டார்க்கும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ குழுவின் ரீட் ரிச்சர்ட்ஸும் திடீரென்று வேஷம் மாறி, நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்களையே சிறையில் தள்ளுகிறார்கள். நம்ப முடிகிறதா? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: வேஷம் என்ற சொல்லை இவ்வளவு லேசாக எடுக்காதீர்கள். ஆரணி, செய்யாறு பக்கம் பாரதக் கூத்தில் கர்ணன் கட்டுகிறவர் பொழுது சாய்ந்ததும் அரிதாரத்தோடு உட்கார்ந்துவிடுவார். முகம் எழுதி, புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் ஏறவே நேரமாகும். அப்புறம் திரைக்குப் பின்னால் நின்று பாடித்தான் சபைக்கு வருவார். வந்து என்ன செய்கிறான் கர்ணன்? பெற்ற தாயே பாண்டவர் பக்கம் வரச் சொல்லியும் போகாதவன் அவன். பொன்னுருவியிடம் விடைபெற்றுச் சாகப் போகிறான். கட்சி மாறாத ஒருவனுக்கே எங்கள் ஊர்களில் ஒரு ராத்திரி முழுக்க ஒதுக்குகிறோம். “கர்ணன் சாவதற்குள் விடிந்துவிடுகிறது, சுருக்குங்கள்” என்று திருவிழாவுக்குத் திருவிழா சொல்கிறவர்களோடு நான் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன், இனியும் போடுவேன். அவன் மனசு தெரிவது அந்த நேரத்தில்தான்.

சரி, சிவில் வார். 2006-07இல் மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்னிவன் வரைந்த ஏழு இதழ்கள். ஸ்டாம்ஃபோர்டு வெடிப்பில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் சாக, சூப்பர் ஹீரோக்கள் பெயரைப் பதிய வேண்டும், மறுத்தால் சிறை என்று சட்டம் வருகிறது. டோனி அதன் பக்கம் நின்றதை நான் பாதி ஏற்கிறேன். ஆயுதம் விற்ற குற்ற உணர்வு அவருக்குப் பழையது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அவர் முகத்துக்கு நேரே கேட்கிறாள்.

ரீட்தான் எனக்குத் தாங்கவில்லை. நம் வடாற்காடு இரண்டு மாவட்டமாகப் பிரிந்த அதே 1989இன் கடைசியில், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 335, 336ஆம் இதழ்களில், இதே மாதிரிச் சட்டம் வேண்டாம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடியவர் இந்த ரீட். சிவில் வாரில் அவரே ‘நெகடிவ் ஸோன்’ என்ற வேற்றுலகில் சிறை கட்டுகிறார், தோரின் நகலை உருவாக்கவும் கூட நிற்கிறார். அந்த நகல் எதிரணி ஹீரோ கோலியாத்தைக் கொல்கிறது. மனைவி சூ வீட்டை விட்டே போகிறாள். அப்போதும் மனிதர் அசையவில்லை. ஏன்? காரணம் இந்த ஏழுக்கு வெளியே வேறு இதழ்களில் இருக்கிறது. அதுவும் ஓர் இதழில் அரசை எதிர்த்துச் சீரழிந்த சித்தப்பா கதை, இன்னோர் இதழில் சமூகத்தின் எதிர்காலத்தைச் சொல்லும் கணக்கு. ஏழு இதழை மட்டும் காசு கொடுத்து வாங்கியவனுக்கு இது எதுவும் கிடையாது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நம் இரும்புக்கை மாயாவியும் மாறியவர்தான். 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக வந்த அவர், மூலக்கதையில் மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்ததும் முதலில் குற்றங்களில்தான் இறங்கினார். நல்லவரானது பிறகு. ஆனால் உடம்பெல்லாம் மறைந்தாலும் அந்தக் கை மட்டும் தெரியும். ரீட்டிடம் நான் தேடிக் கிடைக்காதது அந்தக் கைதான்.

முதலில் அந்த 335, 336ஐத் தேடிப் படியுங்கள். வருகிற கோடையில் உங்கள் பக்கம் எந்த ஊரில் பாரதம் வைத்தாலும் ஒரு கடிதம் போடுங்கள். கர்ண மோட்சத்தன்று நானும் வருகிறேன், விடியும்வரை உட்கார்ந்து பார்க்கலாம்.