தம்பியின் ஞானஸ்நானத்துக்குப் போகலாமா?

அன்பின் அக்கா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் மெதடிஸ்த சபை. தம்பி இப்போது வேறொரு சபைக்குப் போகிறான். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, அடுத்த மாதம் கல்கிசைக் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறான். என்னையும் கூப்பிட்டிருக்கிறான். எங்கள் சபையில் மூத்த ஒருவர், "அவன் ஆவிக்குரிய குருடன், வீட்டில் சேர்க்காதே, இரண்டாம் யோவான் நிருபத்தைப் படி" என்கிறார். தம்பியோ அம்மாவைப் பார்த்து, "உங்கள் கண் இன்னும் திறக்கவில்லை" என்கிறான். நான் என்ன செய்ய?

அன்பின் தங்கச்சி,

போங்கள். அம்மாவுக்கு மனம் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாம் யோவானில், யாரை வீட்டில் ஏற்கக் கூடாது என்பது ஏழாம் வசனத்திலேயே இருக்கிறது: இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுக்கிறவர்களை. உங்கள் தம்பி அதையா மறுக்கிறான்? ஞானஸ்நானம் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்காகக் கதவைச் சாத்த அந்த வசனத்தில் இடமில்லை.

குருடன் என்ற பட்டத்தைக் கொடுக்குமுன் அந்தப் பெரியவர் யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். அங்கே பிறவிக் குருடனாயிருந்து இயேசுவால் பார்வை பெற்ற மனிதன் அவரை முதலில் ஒரு மனுஷன் என்கிறான், பிறகு தீர்க்கதரிசி என்கிறான், கடைசியில்தான் பணிந்துகொள்கிறான். அவன் மெல்ல மெல்லத்தான் காண்கிறான். வேதம் கரைத்துக் குடித்தவர்களோ "எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அவனை வெளியே தள்ளுகிறார்கள். தள்ளப்பட்டவனைத் தேடிப் போனது இயேசு. "காண்கிறோம் என்று சொல்வதால்தான் உங்கள் பாவம் நிற்கிறது" என்று அவர் சொன்னதும் தள்ளியவர்களிடம்தான். இது உங்கள் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்கிறேனா? இல்லை. ஆதிச்சபையின் பிரசங்கி அப்பொல்லோ, யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்து எபேசுவில் பிரசங்கித்தபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, பிறகுதான் விளக்கினார்கள். நீங்களும் கதையுங்கள். லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றதை, வீட்டார் என்றால் குழந்தைகளும் இருந்திருக்கலாமே என்று, நீங்கள் சொல்வீர்கள். யோவானின் ஞானஸ்நானம் மட்டும் பெற்றிருந்த சிலர் எபேசுவில் மறுபடி ஞானஸ்நானம் பெற்றதை அவன் காட்டுவான். காட்டட்டும், கடைசிவரை கேளுங்கள். நானும் குழந்தை ஞானஸ்நானத்தை நம்புகிறவள்தான். ஆனால் அவனுடைய வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் சபையின் வேரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இரட்சிக்கப்படுகிறவர்களைக் கடவுள் முன்கூட்டியே குறித்துவிட்டார் என்ற உபதேசத்தை, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1739இல் கடுமையாக எதிர்த்துப் பிரசங்கித்தார். நண்பர் ஜோர்ஜ் விட்ஃபீல்ட் அதற்கு அச்சிலேயே மறுப்பு எழுதினார். அந்த விஷயத்தில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. 1770இல் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

அப்புறம், அம்மாவிடம் தம்பி சொன்னது தவறு. அதை அப்படியே விட்டுவிட வேண்டாம். கடற்கரையில் வேண்டாம், மற்றொரு நாள் சாப்பிடக் கூப்பிட்டு நேரே சொல்லுங்கள். உனக்கு முதன்முதலில் ஜெபிக்கச் சொல்லித் தந்தது யார் என்று கேளுங்கள்.