சுவர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: அரூரிலிருந்து தருமபுரி போய்வரும் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாமாண்டு மாணவி நான். முடிவிலா ஆழமுள்ள ஆற்றல் கிணற்றில், அதாவது தாண்டவே முடியாத இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஓர் எலக்ட்ரான். மையம் சுழி, சுவர்கள் −1, +1 நானோமீட்டரில். மிகக் குறைந்த ஆற்றல் நோட்ஸில் 0.376 எலக்ட்ரான் வோல்ட், புத்தகத்தில் 0.094. எது சரி? சுழி ஆற்றலோடு எலக்ட்ரான் ஏன் சும்மா கிடக்கக் கூடாது?

பதில்: புத்தகம்தான் சரி. இரண்டு சுவருக்கும் நடுவே 2 நானோமீட்டர். நோட்ஸ்காரர் 1 என்று எடுத்துவிட்டார். அகலம் பாதியானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 0.376 என்ற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். அதை நிலை எண்ணின் (1, 2, 3...) வர்க்கத்தால் பெருக்கி, நானோமீட்டரில் எடுத்த முழு அகலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் விடை வரும். உங்கள் கணக்கில் முதல் மூன்று நிலைகள் 0.094, 0.376, 0.846. நோட்ஸ் தந்தது இரண்டாம் நிலை.

கிணற்றில் போட்ட கல் அடியில் கிடக்கும். எலக்ட்ரானோ அலை, இரு சுவரிலும் சுழியாக வேண்டுமென்றால் நடுவே அரை அலையாவது அடங்க வேண்டும். அலை வளைந்தால் உந்தம் உண்டு, ஆற்றலும் உண்டு. நிலை எண்ணைச் சுழியாக்கினால் அலை எங்குமே இருக்காது, எலக்ட்ரானே இல்லை என்றாகிவிடும்.

பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைகளில் ‘முக்கிய வினா’ என்று விற்கும் கட்டுகளைத் தயவுசெய்து நம்பாதீர்கள். சுழியில் தொடங்கும் கிணற்றுக்கான சைன் சூத்திரத்தை, அகலம் 1 என்றே வைத்து, அப்படியே இங்கே ஒட்டிவிடுகிறார்கள். சுவர்களில் அது சுழியாவதால் சரிதானே என்று தோன்றும். நடுவிலும் சுழியாகிறதே! மிகத் தாழ்ந்த நிலையின் அலை கிணற்றுக்குள் எங்கும் சுழியைத் தொடாது. இங்கே அது கொசைன். அந்தச் சைனுக்கு முன்னால் √2 போட்டிருந்தால் மொத்த நிகழ்தகவு 2 என்று வரும், 1 வராது. தேர்வில் அலையின் படமே கேட்காமல் வருவித்தலை மட்டும் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் இதை எங்கே கவனிப்பார்கள்?

ஆழம் முடிவுள்ளது என்றால் அலை சுவருக்குள் கொஞ்சம் கசியும், ஆற்றல் சற்றுக் குறையும். இருபுறமும் ஒரே உயரமென்றால் எவ்வளவு ஆழம் குறைந்தாலும் ஒரு நிலையாவது கட்டுண்டு நிற்கும். ஒரு பக்கச் சுவர் மட்டும் முடிவிலா உயரமானால் அப்படியில்லை. இதில்தான் பலர் விழுகிறார்கள். அந்தச் சுவரில் அலை சுழியிலிருந்து ஏற வேண்டும். மறுசுவரைத் தாண்டியதும் தேய வேண்டும். ஆகவே மறுசுவரை எட்டுமுன்பே உச்சம் கடந்து இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குக் கால் அலைக்கு மேல் உள்ளே அடங்க வேண்டும். அகலம் 1 நானோமீட்டரென்றால் ஆழம் 0.094 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால்தான் முதல் நிலையே பிறக்கும். உங்கள் விடையும் இதே எண்தான், குழம்ப வேண்டாம்: அங்கே அது எலக்ட்ரானின் ஆற்றல், இங்கே கிணற்றுக்கு வேண்டிய ஆழத்தின் எல்லை.