கணினி கேள்வி - பதில்: லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா?

கேள்வி: 2015ல் வாங்கிய மடிக்கணினி, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது. தக்காளி மண்டிக் கணக்கு, மகளின் ப்ளஸ் டூ பாடம் எல்லாம் இதில்தான். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி, “ஃப்ரீபிஎஸ்டிதான் அசல் யூனிக்ஸ், அதைப் போடுண்ணா” என்கிறான். கடைக்காரர் லினக்ஸ் மின்ட் என்கிறார். எதைப் போடலாம்?
- வாசகர், பாலக்கோடு

பதில்: ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் இரண்டும் விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இயங்குதளங்கள்; மின்ட் லினக்ஸில் ஒரு வகை. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நேர் வாரிசு ஃப்ரீபிஎஸ்டி, 1993ல் வந்தது. கெர்னல் என்கிற மையப்பகுதியும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையில் இருப்பதால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். அதன் கையேடு அவ்வளவு தெளிவு. கிருஷ்ணகிரியில் என் சர்வீஸ் கடையின் ஃபைல்களை எல்லாம் ஃப்ரீபிஎஸ்டி போட்ட கணினியில்தான் வைத்திருக்கிறேன். அதில் ஃபைல்களைச் சேமிக்கும் முறையான இசட்எஃப்எஸ், ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபைல் சத்தமில்லாமல் கெட்டுப்போனாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

ஆனாலும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். முக்கியக் காரணம் வைஃபை. மடிக்கணினிகளில் வரும் வைஃபை சிப்கள் பலவற்றுக்கு லினக்ஸில்தான் டிரைவர் நன்றாக இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் சிலதுக்கு டிரைவரே கிடையாது. ஐகான், மெனு எல்லாம் உள்ள டெஸ்க்டாப் திரையையும் நீங்களே தனியாக ஏற்றிச் சரிசெய்ய வேண்டும். விடிகாலையில் மண்டிக்குக் கிளம்புகிறவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அதே குடும்பத்து ஓபன்பிஎஸ்டி பாதுகாப்பில் கெட்டி, ஆனால் இதே சிக்கல்தான்.

லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பைப் போடுங்கள். 4 ஜிபிக்கு அது தாங்கும். இன்னொரு லினக்ஸான டெபியனும் நல்லதுதான், 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் என்ற மென்பொருளும் நிறுவும்போதே வந்துவிடுகிறது. இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் என்றால் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். வேகத்துக்கு அதுதான் பெரிய உதவி.

தமிழுக்குப் பயப்பட வேண்டாம். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் ஏற்றினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். ஆனால் பழைய கடிதங்களை வானவில் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸ் இருக்கும்போதே அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மண்டிக் கணக்கு எக்செல்லில் இருந்தால் லிப்ரே ஆபீஸ் திறந்துவிடும். டேலி என்ற கணக்கு மென்பொருள் என்றால் யோசிக்க வேண்டும், அது விண்டோஸுக்கென்றே செய்தது. அப்படியானால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவி, டேலிக்கு மட்டும் விண்டோஸைத் திறங்கள்; அப்டேட் நின்ற விண்டோஸில் நெட் ஆபத்து என்பதால் அப்போது நெட்டைத் துண்டித்துவிடுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்பும் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், சவுண்ட் மூன்றும் வேலை செய்தால் அப்புறம் நிறுவலாம்.