கம்பெனியே இல்லாத பழைய மிக்ஸிக்கு உதிரிபாகம் கிடைக்குமா?

இருபது வருட மிக்ஸி, கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜார் பிளேடுக்குக் கடத்தும் பல் வைத்த துண்டு) உடைந்துவிட்டது, உள்ளே தீப்பொறி பறக்கிறது, தயாரித்த கம்பெனியும் இப்போது இல்லை, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த இரண்டு கோளாறுக்கும் மாற்ற வேண்டிய பாகங்களுக்குக் கம்பெனிப் பெயர் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கப்ளர் ஓட ஓட இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள். அதனால் மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்த் திசையில் முக்கி முக்கித் திருப்புகிறவர்கள் நிறைய. உடைந்த துண்டோடு ஜாரையும் மிக்ஸி சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கை, தண்டின் மரை இரண்டும் பொருந்த வேண்டும். போட்டோ காட்டி வாங்கினால் பெரும்பாலும் இன்னொரு நடைதான்.

தீப்பொறிக்கு வழக்கமான காரணம் தேய்ந்த கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு. பழையதன் அகலம், தடிமனை அளந்து கேளுங்கள். கொஞ்சம் பெரிதாகக் கிடைத்தால் உப்புத்தாளில் தேய்த்து உட்கார வைக்கலாம். சிறியது வேண்டவே வேண்டாம், ஆடி ஆடி, பிரஷ் உரசும் செப்பு வளையமான கம்யூடேட்டரைக் கெடுத்துவிடும். பிரஷ் இரண்டு இருக்கும், இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். லேசான பொறி இயல்புதான். புது பிரஷ் போட்டும் வளையமாகப் பொறி சுற்றினால் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும் கம்பிச் சுருள் பகுதி) போய்விட்டது என்று சந்தேகப்படலாம். அதற்குச் செலவழிக்குமுன் புது மிக்ஸி விலையையும் விசாரியுங்கள்.

கடையில் இல்லையென்றால் காயலான் கடை. அதே மாடல் செத்த மிக்ஸி ஒன்று கிடைத்தால் ஸ்விட்ச், மூடி, கால் ரப்பர்கூடத் தேறும்.