லேப்வியூவும் டேக் பெட்டியும்: கேளுங்கள், சொல்கிறேன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் சோதனை பெஞ்சுகளுக்கு லேப்வியூ எழுதியே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. லேப்வியூ என்பது கட்டங்களை வயரால் இணைத்து ப்ரோகிராம் எழுதும் மென்பொருள். டேக் பெட்டி அல்லது கார்டு, சென்சார் சிக்னலை எண்ணாக்கிக் கணினிக்குத் தருவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கலாம். லைசென்ஸ் விலையும் வேலைவாய்ப்பும் மட்டும் என்னிடம் வேண்டாம்.

கேள்வி: மேடம், மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ப்ரோகிராமிங் தெரியாது, கையில் டேக் கார்டும் இல்லை. செலவில்லாமல் பழக முடியுமா?

முடியும். 2020-இல் வந்த கம்யூனிட்டி எடிஷன் வீட்டில் சொந்தமாகப் பழக இலவசம். கம்பெனி வேலைக்கோ கல்லூரி லேபுக்கோ அதைப் போடக் கூடாது. கார்டு இல்லையென்றால் டேக் கார்டோடு பேசும் டேக்எம்எக்ஸ் டிரைவரை நிறுவி, மேக்ஸ் என்ற மென்பொருளில் சிமுலேட்டட் டிவைஸ், அதாவது போலிக் கார்டு, ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பொய்யான சைன் அலை வரும், பழக அது போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு வாங்கினாலும் சரி, லின்க்ஸ் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக லேப்வியூவோடு பேசும்.

நிஜக் கார்டு வந்த பிறகு ஒரு விதி. ஒரு வயர்கூட வரைவதற்கு முன் மேக்ஸில் டெஸ்ட் பேனலைத் திறந்து சிக்னலைப் பாருங்கள். அங்கே வராத சிக்னல் உங்கள் ப்ரோகிராமிலும் வராது.

கேள்வி: அக்கா, விநாடிக்கு 1000 சாம்பிள் (அளவீடு) வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்பச் சுற்றும் வைல் லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் 100 சாம்பிள் படிக்கிறேன், 1000 மில்லிசெகண்ட் வெயிட்டும் உண்டு. முதலில் நன்றாக ஓடி, பத்து விநாடி தாண்டியதும் -200279 என்ற பிழை காட்டி நிற்கிறது. கார்டு போச்சா?

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டியில் விநாடிக்கு 1000 குடம் தண்ணீர் விழுகிறது, நீ 100 குடம்தான் மொள்ளுகிறாய். மீதி 900 தேங்குகிறது. இந்த வேகத்துக்கு டேக்எம்எக்ஸ் தானாக ஒதுக்கும் பஃபர், அதாவது அந்தத் தொட்டி, 10,000 சாம்பிள். 900-ஆல் வகுத்துப் பார், பதினோரு விநாடி. அதற்குமேல் படிக்காத பழைய சாம்பிளின் மீதே புதியது விழும், அதைத்தான் பிழை என்று சொல்கிறது.

வெயிட்டை எடுத்துவிடு. நேரம் பார்ப்பது கார்டுக்குள் இருக்கும் கடிகாரத்தின் வேலை. 100 சாம்பிள் சேரும்வரை ரீட் தானே காத்திருக்கும், லூப் விநாடிக்குப் பத்து முறை சுற்றும். அப்புறம், டாஸ்க்கை (எந்தச் சிக்னலை எந்த வேகத்தில் படிப்பது என்ற அமைப்பை) உருவாக்குவதும் ஸ்டார்ட் செய்வதும் லூப்புக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே ரீட் மட்டும்.

கேள்வி: மேடம், யூஎஸ்பி-6008 டேக் பெட்டியில் கே டைப் தெர்மோகப்பிளை (வெப்பநிலை சென்சார்) நேரடியாக மாட்டினேன். வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் தாவித்தாவிப் போகிறது.

தாவத்தான் செய்யும். டிஃபரன்ஷியலில் (இரண்டு ஒயருக்கு இடையிலான வோல்ட்டை அளக்கும் முறையில்) அது 12 பிட், அதாவது ரேஞ்சை 4096 படியாகப் பிரிக்கும். ±10 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். கே டைப் தருவது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான், அதனால் ஒரு படிக்கு 119 டிகிரி. ரேஞ்சை ±1 வோல்ட்டாகக் குறைத்தாலும் ஒரு படி 12 டிகிரி. டிகிரிக்கு 5 மில்லிவோல்ட் தரும் ஏடி8495 போன்ற ஆம்ப்ளிஃபையர் சிப்பை நடுவில் போடுங்கள், கோல்டு ஜங்ஷன் ஈடும் (ஒயர் இணையும் இடத்தின் வெப்பநிலைக்கான திருத்தமும்) அதிலேயே வந்துவிடும். தெர்மோகப்பிளுக்கென்றே செய்த மாட்யூல் வாங்கினால் இன்னும் நிம்மதி.

கேள்வி: எனக்கும் -200279. ஆனால் என்னுடையது 2000 சாம்பிள்.

மேலே இரண்டாவது பதில். வெயிட்டை எடுங்கள்.

கேள்வி: கம்பி இழுத்துப் படம் வரைவதெல்லாம் ப்ரோகிராமிங்கா மேடம்? பைத்தானில் நாலு வரியில் முடிகிற வேலை.

லேப்வியூ மேக்கின்டாஷுக்கு முதலில் வந்தது 1986-இல். இந்தக் கிண்டலுக்கும் ஏறக்குறைய அந்த வயது இருக்கும். ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்: விஐ ஃபைல் (லேப்வியூ ப்ரோகிராம் ஃபைல்) பைனரி, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கிட் என்ற பதிப்பு ஒப்பிடும் மென்பொருளில் பார்ப்பது தலைவலி. ஆனால் படம் என்பது தப்பு. ஒரு நோடுக்கு, அதாவது ஒரு கட்டத்துக்கு, வரவேண்டிய எல்லா உள்ளீடும் வந்த பிறகே அது ஓடும், இடமா வலமா என்பதற்கு வேலையே இல்லை. இரண்டு லூப்பை வயரால் இணைக்காமல் விட்டால் இரண்டும் இணையாக ஓடும். பைத்தானில் அதற்கு த்ரெட் எழுத வேண்டும். சரி, உங்கள் நாலு வரியைக் காட்டுங்கள்.

அவரே: டைம் ஸ்லீப் 0.05 (ஒவ்வொரு முறையும் 0.05 விநாடி நிறுத்தம்) வைத்து ஒவ்வொரு சாம்பிளாகப் படிக்கிறேன். 1440 ஆர்பிஎம் மோட்டாரின் அதிர்வு. 4 ஹெர்ட்ஸில் அழகாக ஒரு பீக் தெரிகிறது!

அந்த 4 ஹெர்ட்ஸ் உங்கள் மோட்டாரில் இல்லை! 1440-ஐ 60-ஆல் வகுத்தால் 24 ஹெர்ட்ஸ். நீங்கள் விநாடிக்கு 20 முறை பார்க்கிறீர்கள், 24 மடங்கி 4 ஆகத் தெரிகிறது. இதுதான் அலியாசிங். 24-இன் இரு மடங்கான 48-க்கு மேல் போயே ஆக வேண்டும், நான் 1000 வைப்பேன். ஸ்லீப்பும் வெயிட்டும் ஒரே தப்பு, மொழிதான் வேறு. கார்டு கடிகாரத்தை வைத்துப் படியுங்கள். பைத்தான் லைப்ரரிக்கு அடியிலும் அதே டேக்எம்எக்ஸ்தான், மெதுவாகப் படித்தால் அங்கேயும் அதே -200279 வரும்.

அவரே: ...24-தான் வருகிறது. ஆனாலும் பைத்தான்தான்.

தாராளமாக.

கேள்வி: வெயிட்டை 1000-இலிருந்து 500 ஆக்கினேன். -200279 இப்போது கொஞ்சம் தாமதமாக வருகிறது. 250 வைக்கட்டுமா?

எடுங்கள். எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 230 வோல்ட் லைனை நேராக 6008-இல் கொடுத்து அலையைப் பார்க்கலாமா?

கூடாது. அதன் எல்லை ±10 வோல்ட், உங்கள் லைனின் உச்சம் 325. அதில் ஐசொலேஷனும், அதாவது லைனையும் லேப்டாப்பையும் பிரிக்கும் மின் தடுப்பும், கிடையாது. பெட்டி போகும், லேப்டாப் போகும், தொட்டுக்கொண்டிருந்தால் நீங்களும். ஐசொலேட்டட் வோல்டேஜ் டிரான்ஸ்டியூசர் வாங்கும்வரை அந்த ஒயரை பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள்.