கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: போன தை மாதம் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எடுத்த அவுட்டோர் படத்தை ஸ்டூடியோக்காரர்கள் கடை விளம்பரமாக ஃப்ளெக்ஸ் அடித்து மார்த்தாண்டத்தில் வைத்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் ரீல்ஸ் ஓடுகிறது. மகளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. கேட்டால், "எடுத்தது நாங்கள், படம் எங்களுக்குத்தான் சொந்தம்" என்கிறார்கள். எடிட் செய்யாத மூலப் படமான ரா ஃபைலும் தரவில்லை. இதற்கிடையே, கல்யாண வீடியோவை யூடியூபில் போட்டால் பாட்டுக்குக் காப்பிரைட் என்று வருகிறது. அடுத்த மகளுக்கும் இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன செய்யலாம்? (ஒரு தகப்பனார், குழித்துறை)

பதில்: எடுத்தவருக்கே சொந்தம் என்பது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. முட்டம் கடற்கரைக்கு ஒருவர் தானாகப் போய் அலையைப் படம் பிடித்தால் அது அவருடையதுதான். நீங்கள் அழைத்து, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்குக் கணக்கு வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால் அப்படிப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்ன வாடிக்கையாளர்தான். எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் காசு கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் பெண் வீட்டுக்கு ஒரு ஸ்டூடியோ, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு ஸ்டூடியோ என்று வருவது சாதாரணம். அவுட்டோரைப் பல வீடுகளில் மாப்பிள்ளைதான் புக் செய்கிறார். தொட்டிப்பாலத்துப் படத்துக்கான பில் மருமகன் பெயரில் இருந்தால், பதிப்புரிமையைக் கோர வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல.

அடுத்து ஆர்டர் ஃபார்மைத் தேடி எடுங்கள். 'படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்துவிடும். கையெழுத்தே இல்லாமல் பில்லின் பின்பக்கம் அச்சடித்த வரி மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 19-வது பிரிவு சொல்கிறது.

இதெல்லாம் படத்தைப் பற்றியது. படத்தில் இருக்கும் முகம் உங்கள் மகளுடையது. அந்த உரிமையை நீங்கள்கூட அவருக்காக விட்டுக்கொடுக்க முடியாது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை ஒரு தமிழ்ப் பத்திரிகை வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கு அது. 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே அமலாகும். அதனால் இப்போதைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மகளிடம் நேராகக் கேளுங்கள். ரீல்ஸ் வந்த புதிதில் அதற்கு ஹார்ட் போட்டாரா, 'தேங்க்ஸ் அண்ணா' என்று கமெண்ட் எழுதினாரா? அதைத்தான் எதிர்த்தரப்பு சம்மதம் என்று முதலில் நீட்டும். போட்டிருந்தாலும் குடி முழுகிவிடாது. இன்ஸ்டாகிராமில் பார்த்துச் சந்தோஷப்பட்டது ஃப்ளெக்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்த சம்மதம் ஆகாது. ஆனால் இனி வேண்டாம் என்பதை அவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

சண்டைக்குப் போகும் முன் ஆதாரத்தைச் சேருங்கள். ரீல்ஸின் லிங்க், கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஃப்ளெக்ஸைப் பக்கத்துக் கடையின் போர்டும் தெரிகிற மாதிரி படம் பிடியுங்கள். எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் 2023-ஆம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி இந்த மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

பிறகு பில் யார் பெயரிலோ அவரும் மகளும் சேர்ந்து கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 7 நாளில் எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். கல்யாண சீசனில் பேர் கெடுவதை எந்த ஸ்டூடியோவும் விரும்பாது. மசியாவிட்டால் இன்ஸ்டாகிராமின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். புகார் செய்தவரின் பெயரும் இமெயிலும் எதிராளிக்குப் போகும். ஆகவே மகளின் இமெயிலைக் கொடுக்காதீர்கள். ஃப்ளெக்ஸுக்கு இன்னொரு வழியும் உண்டு: அனுமதி வாங்காமல் வைத்திருந்தால் குழித்துறை நகராட்சியில் மனு கொடுக்கலாம். கொஞ்சம் கோணல் வழிதான், ஆனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

எடுத்த எடுப்பில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். பதிப்புரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைத்தண்டனை சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் இது முதலில் சிவில் விஷயம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-வது பிரிவு இடம் தருகிறது. படத்தை யாராவது மார்ஃபிங் செய்திருந்தால் கதை வேறு. அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சைபர் கிரைமில் புகார் கொடுத்துவிடுங்கள்.

ரா ஃபைல் விஷயத்தில் உங்களுக்கு முழுச் சாதகமாக நான் பேச முடியாது. பதிப்புரிமை உங்களுடையது என்பதாலேயே மெமரி கார்டில் இருக்கும் எல்லாவற்றையும் கையில் தர வேண்டும் என்று ஆகிவிடாது. என்ன தருவதாகப் பேசினார்கள் என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் 'எல்லாம் பென்டிரைவில் தருவோம்' என்று எழுதியிருந்தால் அது போதும். இதைச் சேவைக் குறைபாடாக நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டு போகலாம். 2 வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பாட்டு விஷயம் சின்னது. கல்யாண ஊர்வலத்திலும் விருந்திலும் சினிமாப் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு விலக்குத் தந்திருக்கிறது. அந்த விலக்கு மண்டபத்தோடு சரி, யூடியூபுக்கு வராது. வந்திருப்பது 'கிளைம்' (பாட்டுக்கு உரிமை கோரும் அறிவிப்பு) மட்டும் என்றால் சேனலுக்கு ஆபத்தில்லை. எடிட்டரில் அந்தப் பாட்டை மட்டும் நீக்கிவிடலாம். சொந்தக்காரர்கள் பார்க்க மட்டும்தான் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

அடுத்த மகளுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ஆர்டர் ஃபார்மில் இந்த வரியைப் பேனாவால் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்: 'படங்கள், வீடியோ, ரா ஃபைல் எல்லாவற்றின் பதிப்புரிமையும் வாடிக்கையாளருக்கே. மணமக்களின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதையும் விளம்பரத்துக்கோ சமூக ஊடகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. ஆல்பம் கொடுக்கும் நாளில் ரா ஃபைலையும் ஒப்படைக்க வேண்டும்.'