டிரம்ஸ் வாசிப்பவரின் ஸ்டூல்: உயரமும் உட்காரும் முறையும் (கேள்வி பதில்)

ஸ்டூலின் உயரம், உட்காரும் முறை ஆகியவை பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். நான் வாசிப்பவன், கற்பிப்பவன்; மருத்துவன் அல்லன். வலி, மரத்துப்போதல் பற்றிக் கேட்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, வாசிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ஸ்டூலை எத்தனை செ.மீ. உயரத்தில் வைக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்துகிற ஓர் எண் கிடையாது. தொடங்குவதற்கு ஓர் அளவு உண்டு. வாசிக்கும்போது அணியும் காலணியுடன் நின்று, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதற்கு மேல் சுமார் 5 செ.மீ. கூட்டி ஸ்டூலை நிறுத்துங்கள். மெத்தை அமிழக்கூடியது என்றால், நீங்கள் உட்கார்ந்த பிறகு எஞ்சும் உயரமே உண்மையான உயரம். இப்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். தொடை முழங்காலை நோக்கி மெல்லச் சரிய வேண்டும். முழங்கால் மடிப்பு செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்து, 100 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு வசதியாக இருக்கும்.

அடுத்து செய்ய வேண்டிய சோதனைதான் முக்கியம். இரண்டு பாதங்களையும் பெடல்களிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, ஐந்து எண்ணும் வரை அப்படியே இருங்கள். உடல் பின்னால் சாய்ந்தாலோ, கைகள் தாமாகவே ஸ்நேரின் (முன்னால் இருக்கும், கையால் அடிக்கும் முதன்மை டிரமின்) விளிம்பைப் பற்றப் போனாலோ, இதுவரை உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது ஸ்டூல் அல்ல, உங்கள் கால்கள்தான். வாசிக்க வேண்டிய கால் தாங்கும் வேலையையும் செய்தால் அது சீக்கிரம் களைத்துவிடும். என்னிடம் பயின்ற ஒருவர் பாஸ் டிரமில் (பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரமில்) இரட்டை அடி வரவில்லை என்று ஆறு வாரம் பயிற்சிப் பாடங்களை மாற்றி மாற்றிப் போராடினார். ஒரு நாள் அவர் வாசிக்கையில் பக்கவாட்டில் தரையோடு குனிந்து பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன்பு இடுப்பு நூலளவு பின்வாங்கி, பிறகுதான் கால் எழுந்தது. ஸ்டூலை இரண்டு விரல் அகலம் உயர்த்தி, ஒரு கையளவு முன்னே நகர்த்தினோம். அந்த வகுப்பு முடிவதற்குள் இரண்டாவது அடி தெளிவாகக் கேட்டது.

கேள்வி: ஒரு மணி நேரம் வாசித்தால் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது. முதுகுச் சாய்வு வைத்த ஸ்டூல் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் இடுப்பைக் கவனியுங்கள். உள்ளங்கைகளைப் பிட்டத்தின் அடியில் வைத்து உட்கார்ந்தால் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உடலின் எடை அந்த முனைகளின் மேல் நேராக இறங்க வேண்டும். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலே ஏறும், இடுப்பெலும்பு பின்னோக்கி உருளும், கீழ் முதுகின் இயல்பான உள்வளைவு மறைந்து முதுகு முழுவதும் ஒரே கூனாகிவிடும். அந்தக் கூனோடு ஒரு மணி நேரம் கைகளை முன்னே நீட்டி வாசித்தால் வலிக்காமல் இருக்காது. சாய்வு உங்களுக்கு ஓய்வு தரும், இடுப்பை நிமிர்த்தாது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் சாய்ந்துகொள்ளலாம்; வாசிக்கும்போது அதில் சாய்ந்தால் கைகள் இன்னும் தூரம் நீள வேண்டியிருக்கும்.

பின்பாக்கெட்டில் பணப்பையோ கைபேசியோ வைத்து உட்காராதீர்கள். ஒரு பக்கம் உயர்ந்தால் இடுப்பு சாயும், அதை ஈடுகட்ட முதுகெலும்பு வளையும். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்கிறேன், ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது பையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: என் உயரம் 170 செ.மீ. ஸ்டூல் எத்தனை செ.மீ. இருக்க வேண்டும்?

முதல் பதிலைப் படியுங்கள். மொத்த உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது, முழங்கால் வரையிலான உயரமே தேவை.

கேள்வி: எலக்ட்ரானிக் டிரம் செட் வாங்கியிருக்கிறேன். அதன் சட்டம் தாழ்வாக இருக்கிறது. அதற்கேற்ப ஸ்டூலைத் தாழ்த்தலாமா?

கூடாது. ஸ்டூல்தான் முதலில், மற்றவை எல்லாம் பிறகு. ஸ்டூலை நிலைநிறுத்தி, கண்ணை மூடி உட்கார்ந்து, கால்கள் இயல்பாக விழும் இடத்தில் பெடல்களை வையுங்கள். வலது கால் சற்று வெளிப்புறமாக விரிந்து விழும். பெடலும் அந்தத் திசையையே பார்க்கட்டும். இரண்டு தொடைகளுக்கும் இடையில் ஸ்நேர் வரும், அதன் விளிம்பு தொடைக்கு மேல் நான்கு விரல் அளவு உயர்ந்திருந்தால் ஸ்டிக் தொடையில் இடிக்காது. அதன்பின் டாம்கள் (ஸ்நேரைச் சுற்றி வரும் மற்ற டிரம்கள்), கடைசியாகச் சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்). உங்கள் சட்டத்தின் பிடிகளைத் தளர்த்திப் பேடுகளை மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: எந்த மரத்தில் செய்த ஸ்டிக் நல்லது?

இன்றைய கேள்விகளுக்கு உட்பட்டதல்ல.

கேள்வி: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை, சார். தாழ்வாக உட்கார்ந்தால்தான் பாஸ் டிரமில் பலம் கிடைக்கிறது. பத்து ஆண்டுகளாக நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இதை விரிவாகப் பேசத்தான் வேண்டும். அடியின் ஓசை, பீட்டர் (பெடலோடு இணைந்த அடிகோல்) டிரமின் தோலைத் தொடும் கணத்தில் அது வரும் வேகத்தைப் பொறுத்தது. தொட்ட பிறகு பாதம் எவ்வளவு அழுத்தினாலும் ஓசை அதிகமாகாது. பீட்டர் தோலில் பதிந்து நின்று அதன் அதிர்வை அடக்கும், அவ்வளவுதான். தாழ்வாக உட்காரும்போது, அடித்த பின் பெடலை அமுக்கிப் பிடிப்பது எளிது. அந்த அமுக்கத்தைக் கால் பலமாக உணர்கிறது, ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு அது கேட்பதில்லை. குதிகாலைத் தூக்கி வாசிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடையை மேலே தூக்கும் தசைகள், இடுப்பு ஏற்கெனவே நன்றாக மடங்கியிருக்கும் நிலையில் சுருங்கிப் போயிருக்கின்றன. சுருங்கிய தசைக்கு மேலும் சுருங்கித் தூக்கும் ஆற்றல் குறைவு. இடுப்பு விரிந்தால் அதே தொடை எளிதாக எழுந்து, தன் எடையோடு விழும்.

அதே அன்பர் மீண்டும்: புகழ்பெற்ற பலர் தாழ்வாகத்தானே உட்கார்கிறார்கள்?

சிலர் உட்கார்கிறார்கள், அருமையாகவும் வாசிக்கிறார்கள். ஆனால் படத்தில் தெரிவதை நம்பி அளவெடுக்காதீர்கள்; சிம்பல்கள் உயரமாகவும் டாம்கள் பெரிதாகவும் இருந்தால் பின்னால் இருப்பவர் தாழ்ந்து தெரிவார். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் மோ டக்கரும் ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் ஸ்லிம் ஜிம் ஃபேன்டமும் நின்றுகொண்டே வாசித்தவர்கள், அதற்காக நாம் ஸ்டூலை ஒதுக்கிவிடுவதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் உட்கார நேர்ந்ததே பெடலால்தான். கைகளாலேயே ஸ்நேரையும் பாஸ் டிரமையும் மாறி மாறி அடித்த காலத்தில் நின்றுகொண்டும் வாசிக்க முடிந்தது. 1909இல் லுட்விக் நிறுவனம் வேகமான பெடலைக் கொண்டுவந்த பிறகு கால் முழுநேர வாசிப்பாளி ஆயிற்று. 1920களில் இடது காலுக்கும் ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடிச் சிம்பல்) வந்தது. இரண்டு கால்களும் விடுபட வேண்டும் என்பதற்காகவே ஸ்டூல் வந்தது. அது கால்களைச் சிறைப்படுத்தினால் வந்த நோக்கமே கெட்டுவிடும்.

இடையில் வேறொருவர்: நான் மிக உயரமாக உட்கார்கிறேன், எனக்கு அதுதான் சுகம். உயரம் கூடக்கூட நல்லதா?

இல்லை. அளவுக்கு மேல் ஏறினால் குதிகால் பெடலின் அடித்தட்டை விட்டு விலகும், நுனிக்கால் மட்டுமே தாங்கும், கெண்டைத் தசை இறுகும். மெத்தையின் முன்விளிம்பும் தொடையின் அடிப்பகுதியை அழுத்தி மரக்க வைக்கும். குதிகாலை அந்த அடித்தட்டில் வைத்து வாசிக்கும் முறையிலும் தடுமாறாத உயரம்தான் உங்கள் மேல் எல்லை. உட்காரும் இடத்தையும் கவனியுங்கள்: வட்ட மெத்தையில் முன்பாதியில் உட்கார்ந்து தொடைகளை விடுவியுங்கள். சேணம் போன்ற மெத்தையில் முன்பகுதி வெட்டப்பட்டிருப்பதால் நன்றாகப் பின்னால் உட்காரலாம்.

கேள்வி: இரட்டைப் பெடலுக்கு உயரம் மாறுமா?

சிறிதளவு ஏற்ற வேண்டியிருக்கலாம். இரண்டு கால்களும் ஓயாமல் இயங்குவதால் ஊன்றிக்கொள்ளக் கால் எதுவும் மிஞ்சாது. பாதங்களைத் தூக்கும் சோதனையை இங்கே ஐந்து எண்ணிக்கையோடு நிறுத்தாமல் இருபது வரை செய்யுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு ஸ்டூல் எத்தனை செ.மீ.?

மீண்டும் செ.மீ. முழங்காலை அளந்து தொடங்குங்கள். பெரியவர்களுக்கான ஸ்டூல்கள் பல அந்த அளவுக்கு இறங்குவதில்லை, சிறுவர் ஸ்டூல் தேவைப்படும். 22 அங்குல பாஸ் டிரமுக்கு மேல் பொருத்திய டாமை எட்டுவதற்காகக் குழந்தையை உயர்த்தி உட்கார வைத்தால் கால் பெடலை எட்டாது. 16 அல்லது 18 அங்குல பாஸ் டிரம் பொருந்தும். வளரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: வாசித்து முடித்தபின் இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன. ஸ்டூலை மாற்றினால் சரியாகுமா?

மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். விரலில் தெரியும் மரமரப்பு கழுத்து நரம்பிலிருந்தும் வரலாம். ஜெனிசிஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஃபில் காலின்ஸ் தம் கழுத்து முள்ளெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்னர், விரல்களில் உணர்வு குறைந்து வாசிக்க இயலவில்லை என்று 2009இல் தெரிவித்தார். ஸ்டூலை மாற்றுவது அதற்கு மருந்தாகாது.

கேள்வி: வாசிக்கும்போதே ஸ்டூல் இறங்கிவிடுகிறது, ஏன்?

திருகுத்தண்டு உள்ள ஸ்டூல் என்றால், பூட்டு மரையை இறுக்காமல் இருப்பீர்கள். நீங்கள் உடலைத் திருப்பும்போதெல்லாம் மெத்தை சுழன்று மெல்ல இறங்கும். துளையில் ஊசி செருகும் வகை இறங்காது, ஆனால் துளைகளுக்கு இடைப்பட்ட உயரம் கிடைக்காது. உங்கள் உயரம் கிடைத்ததும் தண்டில் ஒரு சுற்று டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். பின்பாக்கெட்டையும் காலி செய்யுங்கள்.

தாழ்வாக உட்கார்பவர் மூன்றாம் முறை: சார், நேற்று 2 செ.மீ. ஏற்றிப் பார்த்தேன். கால் இலேசாக இருக்கிறது. ஆனால் ஸ்நேர் தாழ்ந்துபோன மாதிரி இருக்கிறது, குனிந்து அடிக்கிறேன்.

ஸ்நேரையும் அதே 2 செ.மீ. ஏற்றுங்கள், ஹை-ஹாட்டையும் அப்படியே. தொடைக்கு மேல் நான்கு விரல் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வாசித்துப் பாருங்கள். பத்து ஆண்டுப் பழக்கம் முதல் இரண்டு நாள் பழைய உயரத்தையே கேட்கும். டேப் ஒட்டிய இடத்திலிருந்து இறக்கிவிடாதீர்கள்.